எழுதி வந்த அளவு

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

நம் வீட்டார் கடைசியாகச் சேர்ந்து நின்று படம் பிடித்தது எந்த வருஷம் என்று கேட்டிருக்கிறாய். வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது. தீப்பெட்டித் தொழிற்சாலை எரிந்து ஊரே மூன்று நாள் இருமிக்கொண்டிருந்த வருஷம் அது. கடைத்தெரு முக்கில் முதல்முதலாகச் சிக்னல் விளக்கு நட்டு, அது பச்சையாவதையும் சிவப்பாவதையும் பார்க்கக் கூட்டம் கூடி, அந்தக் கூட்டத்தாலேயே வண்டிகள் நகர முடியாமல் நின்ற வருஷம். உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் எவ்வளவு கெஞ்சியும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாய். நம்பரை நீயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துக்கொள்.

படம் கறுப்பு வெள்ளை. நிறமெல்லாம் என் தலைக்குள் அப்படியே இருக்கிறது. உன் அம்மாவுக்குக் கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் வெள்ளைக் கோடு. உனக்கு அந்தத் துணியில் மிச்சம் விழுந்ததில் ஒரு கவுன். எனக்குச் சாம்பல் சட்டை. நாலாவதாக ஓர் ஆள் நின்றான். அவன் பேச்சு இப்போது எதற்கு.

போனிலேயே எல்லாம் சொன்னேனே என்று கோபிக்காதே. அதில் நீ பேசுவது எனக்குத் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவதுபோலத்தான் கேட்கிறது. ‘படம்’ என்ற ஒரு சொல் மட்டும் விழுந்தது. மிச்சத்தைக் கடிதம் வந்த பிறகு கீழ்க்கடை மருந்துக்காரர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். இதை எழுதுவதும் அவர்தான். மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை இந்தத் தெருவில் யாருக்கும் தலைவலி வருவதில்லையாம், அப்போது வாங்க என்கிறார். டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிற மனுஷர், நீ முத்து முத்தாக எழுதுவதைப் படிக்க அவருக்கென்ன கஷ்டம்.

வசந்தம் வந்து மரம் பூக்கும்போது பூங்காவில் வைத்து, குடும்பமே நிறம் பொருத்தமாக உடுத்திக்கொண்டு படம் பிடிக்கப்போகிறோம் என்கிறாய். நல்ல காரியம். ஆனால் அந்தப் படக்காரம்மா, ‘எல்லாரும் ஒரே நிறமும் வேண்டாம், ஆளுக்கொரு நிறமும் வேண்டாம், ஒன்றோடொன்று பேசுகிற நிறங்களாக இருக்கட்டும்’ என்றார்களாமே. நிறங்களே பேசிக்கொண்டால் நாம் ஆறு பேர் அங்கே எதற்கு? நாற்பத்தோரு வருஷம் சீருடை வெட்டியவன் நான். தீயணைப்புக்காரர்கள், நர்ஸ்மார்கள், பஸ் கண்டக்டர்கள், மூன்று பள்ளிக்கூடம். வரிசையாக நிற்கிற கூட்டம் கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டுமானால் ஒரே சுருளிலிருந்து வெட்டு. அவ்வளவுதான் ரகசியம்.

சரி, உன் இஷ்டம். நிறத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் ஒன்று, எவனோ தைத்துத் தொங்கவிட்ட உடுப்பைக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு என் பேரப்பிள்ளைகள் படத்தில் நிற்கக் கூடாது. துணி என்னுடையது, வெட்டு என்னுடையது. கடையை விட்டு எட்டு வருஷம் ஆனாலும் வெட்டுப்பலகை இன்னும் வீட்டுக்குள்தான் கிடக்கிறது. தைக்க எதிர்வரிசையில் ஒரு பெண் கடை வைத்திருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். தையல் நேராகப் போகும்.

எழுதி வந்த அளவுக்கு நான் கத்தரி வைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆளை முன்னால் நிறுத்தி நானே அளந்தால்தான் வெட்டுவேன். ஒரு தடவை பட்டது போதும் என்று அப்போதே முடிவெடுத்தேன். உனக்காக மட்டும் அதைத் தளர்த்துகிறேன். எல்லோர் அளவையும் எழுதி அனுப்பு. உன் மாமியாருடையதையும்.

இப்படிக்கு,
அப்பா

(கையெழுத்துக்குப் பதில் கத்தரி படம் போடுவதுதான் வழக்கம் என்கிறார். எனக்கு வரைய வராது. கீழே இருப்பது அவரே போட்டது. மருந்துக்காரன்.)


பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? மருந்துக்காரர் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். படிக்கிறவரே அவர்தான் என்பதால், மாமா, வணக்கம். அப்பா, நீங்கள் போட்ட கத்தரியைப் பார்த்துச் சின்னவன், “தாத்தா வெட்டுக்கிளி வரைஞ்சிருக்காரு” என்று தன் நோட்டில் ஒட்டிவைத்துக்கொண்டான்.

நிறம் தேர்ந்தெடுக்கிற கதையைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியில் இருந்ததையெல்லாம் கட்டிலில் கொட்டினேன். சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் உட்கார இடமில்லை. பெரியவளுக்குப் பதிமூன்று வயது, கறுப்பைத் தவிர உலகத்தில் நிறமே கிடையாது. சின்னவனுக்கு நெஞ்சில் டைனோசர் போட்ட பனியன் வேண்டும். படக்காரம்மா கொடுத்த தாளில் முதல் வரியே, ‘உடுப்பில் படமோ எழுத்தோ கூடாது’ என்பதுதான். உங்கள் மாப்பிள்ளை, “எந்த நிறமானா என்ன, உள்ள நான்தானே இருக்கப்போறேன்” என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அத்தை ஊதா என்று ஒரே பிடி. “கல்யாணத்தப்பவே மத்தவங்க சொன்ன நிறத்தைத்தான் கட்டினேன். இந்த வயசுலயாவது என் இஷ்டத்துக்கு விடுங்க” என்றார். அதற்கு மேல் யார் பேசுவது?

கடைசியில் படக்காரம்மா வந்து துணித்துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் அடுக்கிக் காட்டினார். பூ வெள்ளையாகவும் லேசான ரோஜா நிறமாகவும் இருக்குமாம். அதற்கு முன்னால் இலைப்பச்சை, செங்கல் நிறம், பால்வெள்ளை மூன்றும் இருந்தால் போதும் என்றார். அத்தைக்கு மட்டும் மங்கலான ஊதா. “ஒரு ஆள் ஒத்துவராம இருந்தாத்தான் குடும்பம் மாதிரி தெரியும்” என்றார். அத்தைக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளைக்குச் செங்கல், எனக்கும் சின்னவனுக்கும் பச்சை, பெரியவளுக்கும் உங்களுக்கும் பால்வெள்ளை. அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிறு காலை. பூ இரண்டு வாரம்தான் நிற்கும், தள்ளிப்போட முடியாது. மூன்று நாள் முன்னாலேயே ரயிலேறி வந்துவிடுங்கள்.

அப்பா, இன்னொன்று. சொல்லாமல் உறையை ஒட்டினால் எனக்குத் தூக்கம் வராது.

போன மாதம் எங்கள் காரின் சீட் உறை கிழிந்து ஒரு பட்டறைக்குப் போனேன். உள்ளே ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டின் தோளைப் பார்த்தார். “இது அண்ணன் வெட்டு” என்றார். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

சித்தப்பா இதே ஊரில்தான் இருக்கிறார், அப்பா. பட்டறைக்குப் பின்னால் ஒரு அறையில், தனியாக. இருபத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறேன்.

அவரையும் படத்தில் நிறுத்த ஆசைப்படுகிறேன். அத்தை பக்கத்தில் கூப்பிட்டால் ஒரு பஸ் நிறைய வருவார்கள். என் பக்கம் என்று நிற்க நீங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள். அவருக்கு என்ன நிறத்தில் வெட்டலாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்


பிப்ரவரி 25

அன்பு மகளுக்கு,

மருந்துக்காரர் பாதியில் நிறுத்தி, “மேல படிக்கவா?” என்று கேட்டபோதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

உன் சித்தப்பன் போன அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உன் அம்மா உன்னிடம் அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். முழுதாக நான் சொல்கிறேன், கேள்.

வெளியூர் பேண்டு கோஷ்டி ஒன்று. நாற்பது பேர். எல்லோரையும் வரவழைத்து அளக்க முடியாது என்று அவர்கள் மாஸ்டர் ஒரு தாளில் அளவு எழுதி அனுப்பினார். எனக்கு எழுத்து தெரியாது, உன் சித்தப்பனுக்குத் தெரியும். அவன் படித்தான், நான் வெட்டினேன், அவன் தைத்தான். கருநீலம், தோளில் மஞ்சள் கயிறு. பார்த்தால் ராஜா வீட்டுப் படை மாதிரி இருந்தது. ஒரு வியாழக்கிழமை, தூறல், பேண்டு மாஸ்டர் இரண்டு ஆட்களோடு உடுப்பை எடுக்க வந்தார். ஒருவருக்கு மாட்டிப் பார்த்தால் கழுத்துப் பட்டன் எட்டவில்லை. இழுத்துப் போட்டார்கள். அந்த ஆள் டிரம்பெட்டை வாயில் வைத்தார். மூச்சு வரவில்லை. முகம் சிவந்து கண் வெளியே வந்தது. இன்னொருவருக்கும் அப்படியே. நாற்பதும் அப்படித்தான் என்று முடிவாயிற்று.

கடை நிறைய ஆள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். என் வெட்டில் அதுவரை ஒரு நூல் பிசகியதில்லை. அளவைப் படித்தவன் அவன், தைத்தவன் அவன். கேட்டேன். “தையலுக்கு நான் எப்பவும் பிடிக்கிற துணியளவுதான்ணே பிடிச்சேன்” என்றான். எனக்கு ஆத்திரம் வந்தது, ஒரு சொல் சொன்னேன். அவன் தையல் மெஷினின் மேல் உறையைப் போட்டு மூடினான். அன்று சாயங்காலம் போனவன்தான். பேண்டு மாஸ்டர் நாற்பது உடுப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போனார். செய்த தப்பை ஒத்துக்கொள்ள ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன்.

அவன் நிற்கிற படத்தில் நான் இல்லை. நான் நிற்க வேண்டுமானால் அவன் இல்லை. எது வேண்டும் என்று நீயே முடிவு செய்.

துணி எடுத்துவிட்டேன். பால்வெள்ளை என்று கேட்டால் கடைக்காரன் பதினோரு வெள்ளையை எடுத்துப் போடுகிறான். “எந்த மாட்டுப் பால் சார்?” என்கிறான். மூன்று நாள் வெட்டினேன். மருந்துக்காரர் உன் தாளிலிருந்து எண்ணைப் படிப்பார், நான் டேப்பில் நூல் முடிச்சைத் தடவிக் கோடு போடுவேன். என் டேப்பில் பத்துக்கு ஒரு முடிச்சு, இருபதுக்கு இரண்டு, முப்பதுக்கு மூன்று என்று சின்ன வயதிலேயே நானே போட்டு வைத்ததுதான். அதற்கு எழுத்தறிவு தேவையில்லை. தையல்காரப் பெண் தைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் பார்சல் வரும்.

உன் மாமியாரின் ஊதாவுக்குக் கழுத்தில் சின்னதாக ஒரு மடிப்பு வைத்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை, நானாக வைத்தேன்.

இப்படிக்கு,
அப்பா


மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உடுப்புகளை விரித்து வைத்தபோது வீடே நின்று பார்த்தது. பெரியவள் தன் வெள்ளை உடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “கறுப்பு இல்லாட்டியும் பரவால்ல” என்றாள். அவள் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை வந்ததில்லை. அத்தை அந்த மடிப்பைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு போட்டுப் பார்த்தோம்.

மாப்பிள்ளைக்குக் கழுத்துப் பட்டன் போட முடியவில்லை. உங்கள் மனம் நோகக் கூடாது என்று எப்படியோ போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் முகம் சட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டது. சின்னவன், “அப்பா மேட்ச் ஆயிட்டாரு” என்றான். எனக்குக் கை ஏறி நிற்கிறது. அத்தைக்கு மார்பில் பிடிக்கிறது. “சம்பந்திகிட்ட எதுவும் எழுதாத. நான் இந்த மாசம் சாப்பாட்டைக் குறைச்சுக்கிறேன்” என்கிறார். பாவம், காலையில் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன், அப்பா. கழுத்து, மார்பு, கை, நீளம், எல்லாவற்றிலும் சொல்லிவைத்தாற்போல ஒரு இன்ச் குறைகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஒரே ஒரு இன்ச். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அத்தையின் கையுமா வளரும்? நான் எழுதிய அளவையும் சரிபார்த்தேன், அது சரியாகத்தான் இருக்கிறது. எங்கே பிசகு என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சித்தப்பாவிடம் உங்கள் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே புரிந்துகொண்டார். “அண்ணன் வாயால கூப்பிட்டா வர்றேன். இல்லேன்னா அண்ணனை நல்லா நடுவுல நிறுத்தி எடும்மா. எனக்கு ஒரு காப்பி குடு, போதும்” என்றார். உங்களைப் பற்றி ஒரு குறை அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் எதிர்பார்த்தேன், வரவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் நான் முடிவு சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவர் என்று என்னைப் பொறுக்கச் சொன்னால் எப்படி, அப்பா?

உங்கள் அன்பு மகள்


மார்ச் 19

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் நேராகத் தையல்காரப் பெண்ணின் கடைக்குப் போனேன். மருந்துக்காரர், “செருப்பைப் போட்டுட்டுப் போங்க” என்று பின்னாலேயே வந்தார். கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

“ஏம்மா, தையலுக்கு எவ்வளவு துணி பிடிச்ச? அஞ்சு உடுப்பும் இன்ச் கணக்கா குறையுது. தைக்கும்போது கண்ணு எங்க இருந்துச்சு?”

அவள் மெஷினை நிறுத்தினாள். “தாத்தா, நீங்க சாக்குக்கட்டியில போட்ட கோட்டு மேலதான் என் ஊசி போச்சு. கோட்டை விட்டு ஒரு நூல் நகரல.”

“அப்ப என் வெட்டு தப்புங்கிறியா?”

“நான் அப்படிச் சொல்லல. என் தையல் சரிங்கிறேன்.”

“நாற்பத்தோரு வருஷமா வெட்டறவன்கிட்ட பேசற.”

“நாற்பத்தோரு வருஷமும் இதே டேப்பா? கொண்டாங்க பாப்போம்.”

என் கழுத்திலேயே கிடந்தது. அவளே எடுத்து மேஜையில் நீட்டினாள். பக்கத்தில் தன்னுடையதை வைத்து, இரண்டு முனையையும் ஒட்டிப் பிடித்தாள். மருந்துக்காரர் குனிந்தார். உட்கார்ந்திருந்த நாலு பேரும் எழுந்து வந்தார்கள். என்னுடைய பத்து முடிச்சு அவளுடைய ஒன்பதில் நின்றது. இருபது பத்தொன்பதில். முப்பது இருபத்தொன்பதில்.

“உங்க டேப்புல ஒன்னே கிடையாது தாத்தா. எடுத்தவுடனே ரெண்டு” என்றாள்.

நாலு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டேப்பின் முனையைத் தொட்டுப் பார்த்தேன். தகரம் இல்லை. மடித்துத் தைத்த கரை இருந்தது. தைத்தது நான்.

சந்தைக்கூரை சூறாவளியில் பறந்து பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்த வருஷம். கரண்ட் போய் வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தெரியாமல் டேப்பின் மேல் வைத்துவிட்டேன். முனை கருகித் தகரம் கழன்றது. கருகினதைக் கத்தரித்து, கரையை மடித்து, வெள்ளை நூலில் நானே தைத்தேன். புது டேப் வாங்கியிருக்கலாம். முடிச்செல்லாம் மறுபடி போட வேண்டுமே என்று சோம்பல். பேண்டு உடுப்பு வந்தது அதற்கு அடுத்த வருஷம். இரண்டும் எனக்கு மணி நேரத்தோடு ஞாபகம் இருந்தது, மகளே. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஆளை நிறுத்தி அளந்தபோதெல்லாம் எப்படிச் சரியாக வந்தது என்று மருந்துக்காரர் கேட்டார். பொய்யை வைத்தே அளந்து பொய்யை வைத்தே வெட்டினால் சட்டை சரியாகத்தான் வரும். வேறு டேப்பில் அளந்த எண் எழுதி வரும்போதுதான் குட்டு உடையும். இரண்டு தடவைதான் அப்படி வந்தது. நாற்பது பேண்டுக்காரர்கள் ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை.

தையல்காரப் பெண்ணிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்த நாலு பேர் முன்னாலேயே சொன்னேன். “விடுங்க தாத்தா. எனக்கு வாய் இருந்துச்சு, பிழைச்சேன்” என்று மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ ஒரு காரியம் செய். பட்டறைக்குப் போய், டேப் கதையை உன் சித்தப்பாவிடம் சொல்லிவிடு. அப்பா தப்பை உணர்ந்துவிட்டார் என்று சொல். அவனையும் படத்துக்குக் கூப்பிட்டுவிடு. நீ சொன்னால் கேட்பான்.

இப்படிக்கு,
அப்பா

(இதை எழுதும்போது மூன்று முறை நிறுத்தச் சொன்னார். இன்று கத்தரி படம் வேண்டாம் என்கிறார். மருந்துக்காரன்.)


மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். மாப்பிள்ளை வந்து, “ஏன் அழற?” என்று கேட்டார். “அழல, சந்தோஷமா இருக்கேன்” என்றேன். இரண்டும்தான்.

ஆனால் நீங்கள் சொன்ன காரியத்தை நான் செய்யமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அன்று சொன்ன சொல் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா சொல்லவில்லை, சித்தப்பாவும் சொல்லவில்லை, நீங்களும் முந்தைய கடிதத்தில் ‘ஒரு சொல்’ என்று தாண்டிப் போய்விட்டீர்கள். தெரியாத சொல்லை நான் எப்படித் திருப்பி வாங்கிக்கொடுப்பது? மேலும் அவர் என்னிடம் என்ன சொன்னார் என்று எழுதினேனே. ‘அண்ணன் வாயால’ என்றார். என் வாயால் இல்லை.

பட்டறையின் விலாசத்தைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். மருந்துக்காரர் மாமா உறைமேல் எழுதித் தருவார். இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது.

உடுப்புகளைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நிறையத் துணி விட்டிருக்கிறீர்கள். பிரித்துத் தைத்தால் எல்லோருக்கும் சரியாகும் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு தையற்கடையில் கொடுக்கவா, இல்லை கொஞ்சம் பொறுக்கவா? உங்கள் பதிலைப் பார்த்துச் செய்கிறேன். அதற்குள் அத்தையைச் சாப்பிடச் சொல்லி நீங்களே ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால் கேட்பதில்லை.

பூங்காவில் மொட்டு வைத்துவிட்டது.

உங்கள் அன்பு மகள்


மார்ச் 27

தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். எழுதுகிற கை மருந்துக்கடைக்காரருடையது, சொல்வது நான். இன்று அவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பேண்டு உடுப்புக்கு நீ படித்த எண் சரி. நீ பிடித்த தையலும் சரி. என் டேப்பில் ஒரு இன்ச் இல்லை. முனை கருகியதும் நானே கத்தரித்து மடித்து வைத்த டேப். உனக்குத் தெரியாது, நீ அன்று நூல் வாங்க வெளியே போயிருந்தாய். இவ்வளவு காலம் கழித்துப் பிள்ளைகளின் உடுப்புக்கு எழுதி வந்த அளவை வெட்டப்போய், எதிர்க்கடைப் பெண் ஒருத்தி கண்டுபிடித்தாள். அவளையும் கடை நிறைய ஆள் இருக்கும்போதுதான் திட்டினேன். நான் மாறவே இல்லை என்று பார்த்துக்கொள்.

டேப் அளவில் முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சுலபம். நான் சொன்ன சொல்லுக்கு டேப் பொறுப்பில்லை. “குடிச்சிட்டுத் தைச்சியாடா?” என்று கேட்டேன். நீ விட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் உன் அண்ணி விரல் விட்டு எண்ணி என்னிடம் சொல்வாள். தெரிந்தும் கேட்டேன். எங்கே அடித்தால் நீ வாய் திறக்கமாட்டாய் என்று தெரிந்து அங்கே அடித்தேன். கடை என் முகத்தைப் பார்த்தது, அதைத் திருப்ப உன் முகம் கைக்குக் கிடைத்தது. நீ தப்பை ஒத்துக்கொள்ளவில்லை என்று இவ்வளவு வருஷம் கோபமாக இருந்தேன். செய்யாத தப்பை எப்படி ஒத்துக்கொள்வாய்?

“பிரிச்சு விட்டுறலாம்ணே, உள்ள துணி இருக்கு” என்று அப்போதும் நீ மெதுவாகச் சொன்னாய். அதை நான் மகளுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லவில்லை. மறந்து விட்டதல்ல, மறைத்து விட்டது.

ஏப்ரல் மூன்றாம் தேதி ரயிலில் வருகிறேன். ஐந்து உடுப்பும் உன்னிடம் வரும். தோளிலும் பக்கத்திலும் முக்கால் முக்கால் விட்டிருக்கிறேன், கையின் மடிப்பில் இன்னும் கூட. எது எங்கே இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளைக்குக் காலர் மட்டும் புதிதாக வேண்டும், மிச்சத் துணியைக் கொண்டுவருகிறேன். அங்கே உட்கார்ந்து வெட்டிக்கொள்ளலாம். வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உனக்கும் ஒரு சட்டை வெட்ட வேண்டும். உன் அளவு எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. கழுத்து பதினைந்தரை, கை இருபத்துநாலு. அது அந்தக் காலத்து உடம்பு, அந்த டேப்பின் எண். நேரில் நின்றுகொள், அளந்துகொள்கிறேன். புது டேப் வாங்கிவிட்டேன். முடிச்சு போட நீ உதவி செய். பச்சை, செங்கல், பால்வெள்ளை என்று மூன்று நிறம். ஊதாவைச் சம்பந்தியம்மா எடுத்துக்கொண்டுவிட்டார். ஒரே வீட்டில் இருந்தவரைக்கும் உனக்கும் சேர்த்து நானே துணி எடுத்தேன், சாம்பலையே எடுத்தேன். உனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது நேற்றுத்தான் தோன்றியது. இப்போது கேட்கிறேன். எந்த நிறம் வேண்டும், தம்பி?

படத்துக்கு வா. அண்ணன் வாயால் கூப்பிடுகிறேன். நடுவில் எனக்கு இடம் வேண்டாம். உன் பக்கத்தில் போதும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மருந்துக்காரர் உறையை எடுத்துவிட்டார், நான்தான் நிறுத்தினேன். சொன்ன சொல்லை, சொன்ன இடத்தில், கேட்டவர்கள் எல்லோர் முன்னாலும் திருப்பி எடுக்க வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்தேன். கடைக்குள் அன்று நின்றவர்களை விரல் விட்டு எண்ணினேன். பேண்டு மாஸ்டர் அடுத்த மழைக்காலத்திலேயே போய்விட்டார். டிரம்பெட்காரரையும் அவர் கூட்டாளியையும் விசாரித்தேன், இரண்டு பேரும் இல்லை. இஸ்திரிக்காரர் மாடிப்படியில் விழுந்து பதினோரு நாள் கிடந்தார். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அக்கா தூக்கத்திலேயே போனாள், தூக்கியவர்களில் நானும் ஒருவன். துணி இறக்க வந்த வண்டிக்காரர் கண் தெரியாமல் இருந்து போனார். கடைச் சொந்தக்காரர் போய்க் கட்டடமும் போய்விட்டது. உன் அண்ணி கதவோரமாக நின்று கேட்டாள். “அவரைக் கூப்பிடுங்க” என்று தான் கண் மூடிய வாரம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்ட ஒன்பது பேரில் இன்று உயிரோடு மிச்சம் இருப்பது, தம்பி, நீ ஒருத்தன்தான்.